உடுமலை – மறையூர் – மூணாறு சாலையில் சைக்கிள் துணைவண்டிச் சேவை: ஒரு மதிப்புரை

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு வரை செல்லும் சுமார் 85 கிலோமீட்டர் சாலையில், சைக்கிள் ஓட்டுபவர்களுடன் ஒரு வேனை அனுப்பி, தண்ணீர், சாப்பாடு, பஞ்சர் வேலை, மாலையில் ஊர் திரும்புவது ஆகிய எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சேவை ஒன்று உடுமலையில் நடந்துவருகிறது. பெயர்ப்பலகைகூட இல்லாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் சிறு தொழில் என்பதாலும், சில குறைகளைச் சொல்லவேண்டியிருப்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். உடுமலையில் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டும் யாரைக் கேட்டாலும் எண் கிடைத்துவிடும். மறையூர் வரை ஒருவருக்கு 1,600 ரூபாயும் மூணாறு வரை 2,800 ரூபாயும் வாங்குகிறார்கள். முதல் தொகைக்கு அவர்கள் செய்யும் வேலை முழுப் பெறுமானம் உள்ளது. இரண்டாவது தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இந்தக் கருத்துக்குக் காரணம் வேனில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. மூணாறு என்றதும் மழையும் பசுமையும் நினைவுக்கு வருபவர்கள், அதே மலையின் கிழக்குச் சரிவில் இப்படியொரு வறண்ட காடு இருப்பதை எதிர்பார்ப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தை 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் அதைச் சூழ்ந்த மலைகளும் மேற்கிலேயே இறக்கிவிடுவதால், சின்னாறு பகுதிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் வருவது. பாலைவனம் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், முட்புதரும் கள்ளியும் சுட்ட பாறையுமாகக் கிடக்கும் அந்தச் சரிவில் பகல் பத்து மணிக்கு மேல் சைக்கிள் மிதிப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 1984இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் வாழ்கின்றன. சைக்கிள் ஓட்டுபவர் அவற்றைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது யானையைப் பற்றி.

ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடு தொடங்குகிறது. சின்னாற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரளம். அங்கிருந்து மறையூர் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சரணாலயத்துக்குள்ளேயே சாலை ஏறிச் செல்கிறது. இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள, வழியில் நிற்கக் கூடாத இந்தப் பகுதியில்தான் இச்சேவையின் தரத்தை எடைபோட முடியும். இவர்கள் அங்கே மிகச் சரியாக நடந்துகொள்கிறார்கள். சாவடிக்கு முன்பே எல்லோரையும் நிறுத்தி, வேகமாக ஓட்டுபவர்களைக் காத்திருக்க வைத்து, ஒரே கூட்டமாகச் சேர்த்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். ஓட்டுநர் இறங்கிப் போய், அன்று காலை யானை எங்கே கடந்தது என்று வனத்துறைக் காவலர்களிடம் விசாரித்துவிட்டு வருகிறார். எதிரே வரும் அரசுப் பேருந்து ஓட்டுநரிடமும் கையசைத்து அதையே கேட்கிறார். ஒரு கூப்பிடு தூரம் பின்னால், ஹாரன் அடிக்காமல், பாட்டுப் போடாமல் வேன் வருகிறது. படம் எடுக்க நிற்க முயன்ற ஒருவரை, ‘சார், இங்க காலை ஊனாதீங்க, மறையூர் போயி எவ்வளவு வேணாலும் எடுத்துக்கலாம்’ என்று மரியாதையாகவே கிளப்பிவிட்டார்கள். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. காசு கொடுத்தவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் வழிகாட்டியை நம்பி யானைக் காட்டுக்குள் போக முடியாது.

அடுத்தது முள். சாலை ஓரத்து வேலமரங்களும் உடைமரங்களும் உதிர்க்கும் முட்கள், காற்றடித்தால் தார்ச்சாலையின் நடுவுக்கே வந்துவிடும். எங்கள் குழுவில் ஒருவருக்கு, சரணாலயத்துக்குள் வரும் கரிமூட்டி என்ற இடத்துக்கு முன்பே பின்சக்கரம் இறங்கிவிட்டது. அங்கே இறங்கி வேலை பார்க்காமல், சைக்கிளையும் ஆளையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஆள் நடமாட்டமுள்ள இடம் வரை கொண்டுபோய்த்தான் மெக்கானிக் டயரைக் கழற்றினார். புது டியூபை உடனே போட்டுவிடுவார் என்று நினைத்திருந்தபோது, அவர் பழைய டியூபில் காற்றடித்து, கன்னத்தருகே வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்தார். வால்வு இருந்த இடத்தை டயரில் அச்சிட்ட எழுத்தோடு பொருத்தி அளந்து, ஓட்டைக்கு நேராக டயரில் முள் எங்கே ஏறியிருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். விரலால் தடவாமல், ஒரு துண்டுப் பஞ்சை உள்பக்கமாக இழுத்தார். குறித்த இடத்தில் பஞ்சின் நார் சிக்கி நின்றது. ‘முள்ளு உள்ளயே ஒடிஞ்சு நிக்குதுங்ணா. டியூப மட்டும் மாத்துனா அந்த வளைவு தாண்டறதுக்குள்ள மறுக்கா இறங்கிரும்’ என்று சொல்லி, வெளியே தலையே தெரியாத அந்த முனையை மெல்லிய இடுக்கியால் உள்ளிருந்து உருவி எடுத்துக் காட்டினார். பெருநகரக் கடைகளில் இத்தனை பொறுமையை நான் பார்த்ததில்லை. 25 மில்லிமீட்டர் அகல டயரோடு வருபவர்களிடம் 28 போட்டுவரும்படி முன்பதிவின்போதே இவர்கள் சொல்கிறார்கள், கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். குடிநீர் தாராளமாக இருக்கிறது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்திருக்கிறார்கள். மோர் உப்புக் குறையாமல் நன்றாக இருந்தது. ஆனால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கும் விதம் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாராகும் பாக்கெட்டில் 20.5 கிராம் தூள் இருக்கும். அது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. இவர்களோ ஒரு முழு பாக்கெட்டை 750 மில்லி சைக்கிள் பாட்டிலில் கொட்டிக் குலுக்கித் தருகிறார்கள். கரைசல் அடர்த்தியானால் வயிற்றைப் பிரட்டும். வெயிலில் தண்ணீர் உடம்பில் சேர்வதும் தாமதப்படும். ஒரு லிட்டர் பாத்திரத்தில் கரைத்து ஊற்றினால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. சொன்னபோது கேட்டுக்கொண்டார்கள், திருத்தினார்களா என்பதை அடுத்துச் செல்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. காலையில் இட்லியும் வேகவைத்த முட்டையும். மறையூரில் வாழையிலைச் சோறு. இடையில் கொடுத்த உருண்டை வெல்லத்தை மட்டும் குறிப்பிட வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் அது. கடையில் வாங்கும் எந்த எனர்ஜி ஜெல்லையும்விட ஏற்றத்தில் எனக்கு அது ஒத்துக்கொண்டது. அஞ்சுநாடு என்னும் மலைப்பகுதியின் ஊர்களான மறையூரிலும் காந்தளூரிலும் தமிழிலேயே எல்லாம் நடப்பதால் நம்மவர்களுக்கு அங்கே எந்தத் திண்டாட்டமும் இல்லை.

மறையூருக்கு மேலே கதை வேறு. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரைத் தாண்டி, வேலியடைத்த சந்தனக் காட்டைக் கடந்தால், கொஞ்ச நேரத்திலேயே காற்று குளிர்ந்து, தேயிலைத் தோட்டங்கள் வந்துவிடுகின்றன. மூணாறு வரையான அந்த 40 கிலோமீட்டரில் லக்கம் அருவியருகிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் தேநீர்க்கடைகள் இருக்கின்றன, தண்ணீருக்குப் பஞ்சமில்லை, முள்ளும் இல்லை. பின்னால் வரும் துணைவண்டியே இங்கே தொந்தரவாகிவிடுகிறது. வளைவுகள் நிறைந்த, அகலம் குறைந்த அந்தச் சாலையில் மெதுவாக ஊரும் வேனுக்குப் பின்னால் சுற்றுலா ஜீப்புகள் வரிசை கட்டி, கிடைத்த இடைவெளியில் சைக்கிளை உரசிக்கொண்டு முந்துகின்றன. அதைத் தவிர்ப்பதற்காக வேன் முன்னால் போய் எங்காவது நின்றுகொள்கிறது. பல இடங்களில் கைப்பேசியில் சிக்னல் கிடைக்காததால் அது எங்கே நிற்கிறது என்று நமக்கும், நாம் எங்கே வருகிறோம் என்று அவர்களுக்கும் தெரிவதில்லை. அந்த நேரத்தில் வண்டி இருந்தும் இல்லாததற்குச் சமம். படையப்பா என்று ஊரார் பெயரிட்டழைக்கும் கொம்பன் யானை தோட்டப் பகுதிச் சாலையில் வந்து நின்றாலும், நமக்கு முதலில் தகவல் தருபவர் எதிரே வரும் ஜீப் ஓட்டுநராகத்தான் இருப்பார். கூடுதலாக வாங்கும் 1,200 ரூபாய்க்கு இவர்கள் ஈடாகத் தருவது திரும்பும் பயணம் ஒன்றைத்தான்.

அந்தத் திரும்பும் பயணத்திலும் ஒரு குறை உண்டு. சைக்கிள்களை வேனுக்குள் நிமிர்த்திக் கட்ட வசதியில்லாமல், இடையில் பழைய மெத்தைத் துண்டுகளைச் செருகி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்குகிறார்கள். கியர் இருக்கும் பக்கம் அடியில் போய்விட்டால், கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் பின்கியரைத் தாங்கும் அலுமினியக் கொளுவி வளைந்துவிடும். மறுநாள் காலையில் முதல் ஏற்றத்தில் சங்கிலி ஆரக்கம்பிக்குள் பாய்ந்த பிறகுதான் அது தெரியவரும். ஏற்றும்போது பக்கத்தில் நின்று, கியர் பக்கம் மேலே இருக்கும்படி நாமே சொல்லிவிட வேண்டும்.

முன்பதிவு செய்ய விரும்புபவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிவரை உள்ள நாட்களைக் கேட்டு வாங்குவது நல்லது. மார்ச் பிறந்துவிட்டால் சின்னாற்று வெயில் விளையாட்டில்லை. ஜூன் தொடங்கினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, உடுமலையின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தில் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். மிதிகட்டையோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 32 பல் என்ற அளவில் கியர் இருந்தால், முட்டி வலிக்காமல் மறையூர் ஏறலாம். மறையூர்வரை பதிவு செய்து, அங்கே இரவு தங்கி, மறுநாள் விடியலில் மூணாற்றுக்குத் துணையின்றிப் போய்வருவதே பணத்துக்கும் கால்களுக்கும் உகந்தது. தனியாகச் சின்னாற்றைக் கடக்க நினைப்பவர்களுக்கும், மலையேற்றத்துக்குப் புதியவர்களுக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பதிவு செய்யும்போது, பஞ்சர் வேலை பார்க்கும் அந்த மெக்கானிக் வருகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இல்லாத நாட்களில் ஓட்டுநரே டியூப் மாற்றுகிறாராம்.