கதை திருட்டுப் போனால் பதிவா, நோட்டீஸா?

இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு விதமாகத் திருடுகிறார்கள். அத்தியாயங்களைச் சேர்த்து பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் விடுவார்கள், அல்லது வரி மாறாமல் வாசித்து யூடியூபில் ‘ஆடியோ நாவல்’ போடுவார்கள். உடனே, “ரெஜிஸ்டர் பண்ணலையே!” என்று பதறுவோம். பதற்றம் தேவையில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை உங்களுடையது, பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை.

நடக்கிற திருட்டை நிறுத்த, ‘இதை நீக்குங்கள்’ என்று தளத்துக்கு அனுப்பும் நோட்டீஸ்தான் வேகம். யூடியூபின் புகார்ப் படிவம் டிஎம்சிஏ எனப்படும் அமெரிக்காவின் 1998 டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டியது; செலவில்லை. பலர் சேனல் இணைப்பை மட்டும் கொடுத்துக் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு வீடியோவின் இணைப்பும் தனித்தனியாக வேண்டும், கூடவே மூலக் கதையின் இணைப்பும். புனைபெயரில் எழுதுகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்: கையெழுத்தாகச் சட்டப்படியான முழுப்பெயர் கேட்பார்கள். எதிராளி மறுப்பு அனுப்பினால், 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வந்துவிடும்.

நம் சட்டத்திலும் நோட்டீஸ் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(சி), பதிப்புரிமை விதிகளில் விதி 75 இரண்டையும் குறிப்பிட்டு எழுதினால், புகாரில் திருப்தியடைந்த தளம் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம்.

ஆக, எந்த நோட்டீஸும் இரண்டாம் சுற்றில் கோர்ட் வாசலில்தான் போய் நிற்கும். பதிவுக்கு மதிப்பு அங்கேதான். பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல் தோற்றச் சான்றாக ஏற்கும். பொய்யென்றால் எதிராளி நிரூபிக்கட்டும். பதிவுக்கு விண்ணப்பிக்கப் படிவம் 14, கட்டணம் இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். டைரி எண் (விண்ணப்பத்துக்குத் தரும் எண்) கிடைத்ததும் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு, பரிசீலனை அதன் பிறகுதான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் 500 கட்டுவது வீண். தொடரை முடித்து நாவலாகவே பதியுங்கள். வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், திருடியவன் ஊருக்கு அலைய வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் கொடுப்பதானால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழும் சேர வேண்டும்.

தனக்குத்தானே ரெஜிஸ்டர் தபால் அனுப்பி உறை பிரிக்காமல் வைப்பது? தபால் செலவுதான் மிச்சம். ஒட்டாத வெறும் உறையைக்கூட அனுப்பிவிட்டு, பிறகு எதையும் உள்ளே வைக்கலாமே.

கருவை மட்டும் எடுத்துத் தன் நடையில் எழுதியவர்மேல் பதிவும் பாயாது, நோட்டீஸும் பாயாது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது.