‘5000 தமிழ் நூல்கள் ஏற்றிய கிண்டில்’: பேநவ் செய்யுமுன் படியுங்கள்

‘கிண்டில் பேப்பர்வைட், அதிகம் பயன்படுத்தாதது, 5000 தமிழ் நூல்கள் ஏற்றியது, 180 வெள்ளி. செங்காங் எம்ஆர்டியில் நேரில் வாங்கிக்கொள்ளலாம்.’ சிங்கப்பூரில் இப்படியொரு விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலோ பழைய பொருள் விற்கும் செயலியிலோ கண்ணில் பட்டால், பேநவ்வில் (கைப்பேசிவழி உடனடி வங்கிப் பரிமாற்றம்) பணம் அனுப்புமுன் இந்தப் பதிவைக் கடைசிவரை படித்துவிடுங்கள். கிண்டில் என்பது அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவி, பேப்பர்வைட் அதில் ஒரு மாடல். தமிழில் வாசிக்கும் மூத்தவர்களையும், அவர்களுக்கு ஆசையாக வாங்கித் தரும் பிள்ளைகளையும் குறிவைத்தே இது விற்கப்படுகிறது. தொகை சிறியது என்று ஏமாந்தவர்கள் விட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில் வந்து நிற்கிறது.

அண்மையில் ஏமாந்தவர் பொங்கோலில் வசிக்கும் ஒரு வாசகி. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பாவுக்காக வாங்கினார். நிலையத்தின் நுழைவாயில் அருகே கருவியைத் திறந்து காட்டினார்கள். தமிழ் அட்டைப்படங்கள் வரிசையாகத் தெரிந்தன, தொட்டால் பக்கம் திரும்பியது. விற்றவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: “அக்கவுண்ட்ட மட்டும் மாத்திடாதீங்கக்கா, மாத்துனா புக்கெல்லாம் போயிடும்.” மூன்றாம் வாரம் நூலகம் வெறுமையாகி, கருவி புதிதாகப் பதிவு செய்யச் சொன்னது. தம்முடைய கணக்கைக் கொடுத்துப் பார்த்தார், ஏற்கவில்லை. வாடிக்கையாளர் சேவையில் விசாரித்தால், இந்த வரிசை எண்ணைப் பதிவு செய்ய முடியாது என்பதோடு பேச்சு முடிந்தது. விற்றவருடைய எண்ணிலிருந்து பதில் இல்லை.

இது நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். கிண்டில் எப்போதும் ஏதாவதோர் அமேசான் கணக்கின் பெயரில்தான் இயங்கும். கருவி உங்கள் கையில் இருந்தாலும், எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ அந்தக் கணக்குக்காரருக்குத்தான் அதன்மேல் அதிகாரம். அவர் எங்கிருந்து வேண்டுமானாலும் இணையத்தில் நுழைந்து பதிவை நீக்கலாம். நீக்கினால் அவர் கணக்கிலிருந்து இறங்கிய நூல்கள் அத்தனையும் மறையும். கருவி தொலைந்துவிட்டது அல்லது திருடுபோய்விட்டது என்று அவர் தெரிவித்துவிட்டால் வரிசை எண் தடைப்பட்டியலுக்குப் போய்விடும். அதன்பிறகு வேறெந்தக் கணக்கிலும் அதைப் பதிவு செய்ய முடியாது. கருவியை மீட்டமைத்தாலும் தடை நீங்காது, ஏனென்றால் தடை இருப்பது கருவிக்குள் அல்ல, அமேசானின் பதிவேட்டில். பழைய உரிமையாளர் மனம் வைத்தால் மட்டுமே அதை அவிழ்க்க முடியும்.

இன்னொரு சிக்கலை யாரும் யோசிப்பதில்லை. அடுத்தவர் கணக்கில் இருக்கும் கிண்டிலுக்கு ‘சென்ட் டு கிண்டில்’ என்ற கோப்பு அனுப்பும் வசதி வழியே நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கோப்பும் அந்தக் கணக்கின் சேமிப்பில் போய் உட்காரும். மருத்துவமனை அறிக்கையையோ வாடகை ஒப்பந்தத்தையோ பெரிய எழுத்தில் படிக்கலாமே என்று அப்பாவுக்கு அனுப்பினால், முன்பின் தெரியாத ஒருவர் அதைத் திறந்து பார்க்கலாம்.

சரி, அந்த 5000 நூல்கள் என்னதான்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 ஜிபி கிண்டிலில் பயனருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 6 ஜிபி. அதை 5000-ஆல் வகுத்தால் நூலுக்கு 1.2 எம்பி. ஸ்கேன் செய்த தமிழ் நூல் ஒன்று 20 எம்பி முதல் 100 எம்பி வரை பிடிக்கும், ஆகவே அவை அங்கே இருக்க வழியில்லை. இருப்பவை சிறு கோப்புகள்: ஒரே நாவல் அத்தியாயம் அத்தியாயமாக வெட்டப்பட்டு நாற்பது ‘நூல்’களாக எண்ணப்பட்டிருக்கும்; ஒரே நூல் மூன்று பெயரில் இருக்கும். மிச்சத்தில் ஒரு பகுதி, இன்று எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களின் நூல்களைத் திருடிச் செய்த பிடிஎஃப். நூறு பிரதி விற்றாலே மகிழும் நம் பதிப்பாளர்களின் வயிற்றில் அடிக்கும் வேலை இது, வாங்கி ஆதரிக்காதீர்கள். இன்னொரு பகுதி, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் சங்க இலக்கியமும் 1998-இல் தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் கிடைக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆசிரியர்களே அனுமதி தந்த நூல்கள் இபப் என்ற மின்னூல் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கென அளவெடுத்த பிடிஎஃப் வடிவிலும் உள்ளன. இவற்றுக்கு நீங்கள் தனியாகக் காசு கொடுக்கத் தேவையே இல்லை.

அந்தக் கோப்புகளில் பல திறந்ததும் குப்பையாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமாகிய யூனிகோடு பரவுவதற்குமுன் தமிழைப் பாமினி எழுத்துருவிலும், டிஸ்கி, டாம் போன்ற பழைய குறியாக்கங்களிலும் தட்டினார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பிடிஎஃப்பில் எழுத்துருவும் சேர்ந்திருப்பதால் தமிழ் தெரியும். அதை விற்பவர் அவசரமாக இபப் ஆக்கும்போது எழுத்துரு கழன்று, வரிக்கு வரி ஆங்கிலக் கோளாறாக நிற்கும். சொல்லைத் தேட முடியாது, அகராதி வேலை செய்யாது. ‘தமிழ் ஃபான்ட் போட்டுத் தருகிறோம்’ என்று இதற்கும் தனிக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். யூனிகோடு தமிழைக் காட்டும் எழுத்துரு இப்போதைய கிண்டிலில் ஏற்கெனவே இருக்கிறது. வேறு எழுத்துரு பிடித்தால், யூஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்து, கருவியில் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறைக்குள் அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பைப் போட்டால் போதும். இதற்காக ஜெயில்பிரேக் செய்த, அதாவது அமேசானின் மென்பொருள் பூட்டை உடைத்த கருவியை ‘தமிழ் ஸ்பெஷல்’ என்று விற்றால் அதையும் தவிர்த்துவிடுங்கள். பழுதானால் உத்தரவாதம் கேட்டு எங்கும் போய் நிற்க முடியாது.

பழைய கருவி வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. நேர்மையாக விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், நல்ல பேப்பர்வைட் பல ஆண்டு உழைக்கும். ஆனால் நிலையத்தில் நின்றுகொண்டே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, அதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ‘அவசரமா போகணும்’ என்று விற்பவர் பரபரத்தால் நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

முதலில் இணையம். பொது வைஃபையான வயர்லெஸ்@எஸ்ஜியை நம்பிப் போகாதீர்கள். அதன் உள்நுழைவுப் பக்கத்தோடு கிண்டில் மல்லுக்கட்டும். உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். பழைய கிண்டில்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், ஆகவே ஐஃபோனில் ஹாட்ஸ்பாட் அமைப்பில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை இயக்கினால்தான் இணைப்பு தென்படும்.

அடுத்து, விற்பவரையே அவர் கணக்கிலிருந்து பதிவை நீக்கச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் ‘யுவர் அக்கவுண்ட்’ என்பதற்குள் ‘டீரெஜிஸ்டர்’ இருக்கும். பிறகு ‘டிவைஸ் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ரீசெட்’ கொடுங்கள். கருவி அணைந்து எழுந்து மொழி கேட்கும். இப்போது உங்கள் அமேசான் கணக்கைக் கொண்டு பதிவு செய்யுங்கள். முகப்பில் உங்கள் பெயர் வந்தால் வரிசை எண் தடைப்பட்டியலில் இல்லை. இந்த ஒரு படியைத் தாண்டாமல் ஒரு வெள்ளிகூட மாறக் கூடாது. ‘ரீசெட் பண்ணா தமிழ் புக்ஸ் போயிடும்’ என்பதை இதற்குமேல் ஒரு வாதமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். புறப்படுமுன் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லும் இருபடிச் சரிபார்ப்புக் குறியீடும் கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் எண்ணுக்கு ஓடிபி போகும்படி வைத்திருந்தால் அங்கே நின்று தவிக்க நேரும்.

மூன்றாவது, மாடல். 2018 பேப்பர்வைட்டை ‘லேட்டஸ்ட்’ என்று தள்ளிவிடுகிறார்கள். மின்னேற்றும் துளையைப் பாருங்கள்: மைக்ரோ யூஎஸ்பி என்றால் அது 2018 அல்லது அதற்கு முந்தையது. 2021 பேப்பர்வைட்டில் யூஎஸ்பி-சி, 6.8 அங்குலத் திரை. 2024-இல் வந்ததில் 7 அங்குலம். சாதாரணக் கிண்டிலில் 2022 மாடலுக்குத்தான் அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைத்தது, 2019 மாடலில் 167 தான். ஆங்கிலம் படிக்க 167 போதும் என்பார்கள். தமிழுக்குப் போதாது. சின்ன எழுத்தில் மெய்யின் புள்ளியும் ‘ணு’, ‘னு’ போன்றவற்றின் சுழியும் கலங்கித் தெரியும், வயதானவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள்.

திரையைத் தடுப்புத்தாள் ஒட்டாமல் காட்டச் சொல்லுங்கள். மின்மைத் திரைக்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி. பையில் அழுந்தினால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. ஒளியை 0-க்குக் கொண்டுபோய்ப் பக்கத்தைப் பத்துமுறை திருப்புங்கள். நகராத கோடு இருந்தால் அது விரிசல். பிறகு கையால் மறைத்து இருட்டாக்கி, ஒளியை 24-க்கு ஏற்றிப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சங்கள் அப்போது தெரியும். கடைசியாக, வீட்டிலேயே தயார் செய்துவைத்த தமிழ் இபப் ஒன்றை உங்கள் கைப்பேசியிலிருந்து சென்ட் டு கிண்டிலில் அனுப்புங்கள். அதில் ‘கொக்கு’, ‘கோபுரம்’, ‘மௌனம்’, ‘ஸ்ரீ’ என்ற சொற்கள் இருக்கட்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய் நின்றாலோ, புள்ளிவட்டம் தெரிந்தாலோ மென்பொருள் பழையது.

கடையில் புதிதாக வாங்குபவர்களுக்கும் ஒரு பொய் சொல்லப்படுகிறது: ‘இதில் தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை இரவல் வாங்கலாம்.’ கிண்டிலைக் காட்டி யார் இப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். நூலக மின்னூல்களை இரவல் தரும் லிபி செயலியில் வாங்கிய நூலைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. வாரியத்தின் தமிழ் மின்னூல்களுக்காகவே கருவி வாங்குகிறீர்கள் என்றால், லிபிக்குப் பின்னால் உள்ள ஓவர்டிரைவ் இரவல் சேவை உள்ளடங்கிய கோபோ கருவியையோ, ஆண்ட்ராய்டில் ஓடுவதால் லிபி செயலியையே நிறுவ முடிகிற ஓனிக்ஸ் பூக்ஸ் போன்றவற்றையோ பாருங்கள். கோபோவில் எல்லாத் தமிழ்த் தலைப்பும் இறங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். நீங்கள் படிக்க விரும்பும் ஒரு நூலைக் கடையிலேயே இறக்கிப் பாருங்கள். சாதாரண இபப்பில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால், காலிபர் மென்பொருளில் கோபோவின் சொந்த வடிவமான கெபப் ஆக மாற்றி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காலிபரின் 8-ஆம் பதிப்பிலிருந்து அதற்குத் தனிச் செருகுநிரல் தேவையில்லை. எங்கள் தேர்வைக் கேட்டால், மின்கலம் சீக்கிரம் இறங்கினாலும், இந்த ஊர்த் தமிழ் வாசகருக்கு ஆண்ட்ராய்டுக் கருவிதான் ஏற்றது.

வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியபிறகு ‘ஜிஎஸ்டி கட்டினால்தான் பொட்டலம் விடுவிக்கப்படும்’ என்று குறுஞ்செய்தியில் இணைப்பு வந்தால் தொடாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் 400 வெள்ளி வரையிலான பொருளுக்கு வரியை, பதிவு பெற்ற விற்பனையாளர் விலையோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார். ஐயம் இருந்தால் மோசடி பற்றி விசாரிக்க உதவும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ அழையுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் விளம்பரத்தையும் உரையாடலையும் உடனே திரைப்பிடிப்பு எடுங்கள். விற்றவர் அழித்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. பேநவ் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கியை அழையுங்கள், காவல்துறையிலும் இணையவழிப் புகார் கொடுங்கள். விற்றது கடையாகவோ, தொழிலாகவே விற்றுவரும் ஆளாகவோ இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். விற்றபோது குறை இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. பயன்படுத்திய பொருளுக்கும் இது பொருந்தும், ரசீதில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் பொருந்தும். தனிநபர் தம் சொந்தப் பொருளை விற்றால் மட்டும் பொருந்தாது. ஆகவே வாங்கும்போதே நிறுவனப் பதிவு எண்ணான யூஇஎன்னோடு ரசீது கேளுங்கள், முடிந்தால் அந்த யூஇஎன்னுக்கே பேநவ் செய்யுங்கள்.

பேசியும் மசியாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், அல்லது நேரே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. 5,000 வெள்ளிக்கு மிகாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டிய கட்டணம் 10 வெள்ளி, கால வரம்பு இரண்டு ஆண்டு. விற்றவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் மனு நகராது என்பதால், கருவியைக் கையில் வாங்கும் அந்த நேரத்திலேயே அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.