புல்லுருவி மருந்து தேடுகிறவர்களே, காசு அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

நேற்று மாலைதான் வங்கியிலிருந்து பதில் வந்தது. 1,480 யூரோ போனது போனதுதான். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். நீங்கள் கவனிக்கவேண்டியவற்றைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் ஜெர்மனியில், ரூர் பகுதியில் இருக்கிறோம். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ தொடங்கிய பிறகு சாப்பாடு இறங்குவதில்லை; நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். சிகிச்சை அறையில் பக்கத்துக் கதிரையில் இருந்த ஜெர்மன் பெண், தான் 'மிஸ்டல்' ஊசி போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். புல்லுருவிச் சாறுதான். ஆஸ்திரிய மெய்யியலாளர் ருடால்ஃப் ஸ்டைனரின் யோசனையில், புற்றுநோய்க்கு இதைக் கொடுப்பதை மருத்துவர் இட்டா வேக்மன் 1917இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கினார். இந்த நாடுகளில் இன்றும் பலர் எடுக்கிறார்கள். ஊரில் எங்கள் மாமரத்தில் புல்லுருவியைக் கண்டால் அப்பா கொக்கத்தடியால் இழுத்து விழுத்துவார். அந்த மாதிரியான ஒரு செடியைத்தான் நான் காசு கொடுத்து வாங்கப் போனேன்.

வைத்தியரிடம் கேட்க அக்காவுக்குக் கூச்சம். நான் இணையத்தில் தேடினேன். இயற்கை மருந்து விற்கும் ஒரு கடை. பெயரை எழுதமாட்டேன், வழக்கென்று இன்னொரு செலவு வேண்டாம். என் தொலைபேசி எண்ணைப் பதிந்த அன்றிரவே 'ஆலோசகர்' ஒருவன் அழைத்தான். நல்ல தமிழ். நாற்பது நிமிடம் பேசினான், விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அக்கா இரவில் நித்திரை கொள்கிறாரா, தம்பி?" என்று கேட்டான். மூன்று மாதமாக எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

பெண்களுக்கு ஆப்பிள் மரத்துப் புல்லுருவி, ஆண்களுக்கு ஓக் மரத்தது என்றான். பிறகு விசாரித்தால், ஸ்டைனரின் வழி மருத்துவத்தைப் பின்பற்றுகிறவர்கள் உண்மையாகவே அப்படிப் பிரித்துக் கொடுப்பதுண்டாம். "வைத்தியரிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம், அவர்களுக்குக் கீமோவைத் தவிர ஒன்றும் தெரியாது" என்றபோதாவது தொலைபேசியை வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு 1,480 யூரோ, வங்கி மூலம் மட்டும். கணக்கு எண் ஜெர்மனிக்குரிய 'டிஇ' என்று தொடங்காமல் லித்துவேனியாவின் 'எல்டி' என்று தொடங்கியது. பார்த்தேன், பார்த்துக்கொண்டே அனுப்பினேன்.

பதினொரு நாள் கழித்துப் பொதி வந்தது. மூன்று பழுப்புப் போத்தல்கள், குடிக்கும் சொட்டு. தொகுதி எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை, உள்ளே ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. 'உணவுத் துணைப்பொருள்' என்று மட்டும் ஒட்டியிருந்தது. எங்கள் தெரு மருந்தகத்து அம்மா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே வைத்தியர்கள் எழுதும் புல்லுருவி மருந்து கண்ணாடிக் குப்பியில் வருகிற ஊசி என்றார். தோலுக்குக் கீழே, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, சிறிய அளவில் தொடங்கிக் கூட்டுவார்களாம். போட்ட இடம் சிவக்கும், காய்ச்சல் வரும், ஒவ்வாமையும் வரலாம் என்பதால் வைத்தியருக்குத் தெரிந்திருக்கவேண்டும். நோய் குணமாகாத கட்டத்தில் வைத்தியர் எழுதித் தந்தால் பொதுக் காப்பீடே செலவை ஏற்கும் என்றும் சொன்னார். நான் 1,480 யூரோவை நினைத்துக்கொண்டு நின்றேன்.

கடைக்கு அழைத்தேன். முதல் நாள், "ஆலோசகர் விடுமுறையில் இருக்கிறார்." மூன்றாம் நாள், "அப்படி ஒருவர் எங்களிடம் வேலை செய்யவில்லை." மின்னஞ்சல் போட்டால், முத்திரை உடைத்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில். முத்திரையே இருக்கவில்லையே! கடைசியாக ஒரு பெண் அழைத்து, இரண்டாம் கட்டத்தை வாங்காவிட்டால் முதல் கட்டம் பலன் தராது என்றார். அதுவும் 1,480 யூரோ. எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுதமுடியாது.

ஹைடல்பேர்க் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் தகவல் சேவையைப் பிறகுதான் அழைத்தேன். அது இலவசம். புல்லுருவி ஆயுளைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றார்கள். சுவீடனில் கணையப் புற்றுநோயாளர் 290 பேரிடம் ஊசியாகவே சோதித்தும் ஆயுளிலோ வாழ்க்கைத் தரத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. மார்பகப் புற்றில் கீமோவின்போது சிலருக்குக் கொஞ்சம் இலகுவாக இருக்கலாம் என்கிற ஆய்வுகள் உண்டு, அவையும் பலமானவை அல்ல. இதைச் சொல்ல அந்தச் சேவையில் பேசிய பெண்ணுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். பொலிஸ் முறைப்பாட்டுப் படிவம் இன்னும் பாதியில் கிடக்கிறது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பெட்டியில் மருந்துப் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வைத்தியரிடம் மறைக்கச் சொல்கிறவனோடு பேச்சை நிறுத்துங்கள். வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பாதீர்கள்.

இன்று காலை அக்கா கேட்கிறார்: "இவ்வளவு காசு கொடுத்துவிட்டாய், வீணாக்காமல் கொஞ்சம் குடித்துப் பார்க்கட்டுமா?" போத்தல்களைக் காரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.