அறிவியலும் பண்பாடும்: ஓர் ஒலிப்பாடச் சேவை குறித்த மதிப்புரை

அறிவியல் வரலாற்றை இசை, ஓவியம், சட்டம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்வதாக விளம்பரப்படுத்தப்படும் இந்தச் சந்தாச் சேவையின் பெரும்பாலான பாடங்களைக் கேட்டு முடித்த பின்னரே இதை எழுதுகிறேன். பொதுவாக இத்தகைய தொடர்களில் அறிவியல் கொடுக்கும் இடத்திலும் மற்ற துறைகள் வாங்கும் இடத்திலும் இருக்கும். இங்கே கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடக்கிறது என்பதுதான் இதற்குச் சந்தா கட்டுவதற்கான முதன்மைக் காரணம்.

இசை குறித்த பாடம் தொடரிலேயே மிகச் சிறந்தது. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி உயர்வதைப் போலவே, அதில் தொங்கும் எடையை இரட்டிப்பாக்கினாலும் ஒரு ஸ்தாயி உயரும் என்று இசை நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. கலிலியோவின் தந்தையும் லூட் என்னும் நரம்பிசைக் கருவியின் கலைஞருமான வின்சென்சோ கலிலேய், எடைகளைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்து, அதற்கு நான்கு மடங்கு எடை வேண்டும் என்று கண்டார். இதை வாயால் சொல்வதோடு நிற்காமல் நரம்பை மீட்டியே காட்டுகிறார்கள். எடை இரட்டிப்பாகும்போது ஷட்ஜத்திலிருந்து புறப்பட்ட ஒலி மேல் ஷட்ஜத்தை எட்டாமல் பாதி வழியில் பிரதி மத்தியமத்தோடு நின்றுவிடுவதைக் காதால் கேட்ட பிறகு விளக்கவுரையே தேவைப்படவில்லை.

மகனைப் பற்றிய பாடமும் அதே தரத்தில் தொடங்குகிறது. 1609-ஆம் ஆண்டில் கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்த ஆங்கிலேய அறிஞர் தாமஸ் ஹாரியட், ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லையைக் கரடுமுரடான கோடாக மட்டுமே வரைந்தார். ஓவியப் பயிற்சி பெற்றிருந்த கலிலியோவோ அதே எல்லையில் மலைகளின் நிழலைக் கண்டார். இவ்வளவு நயமாக ஒப்பிட்டுவிட்டு, அந்த இரண்டு ஓவியங்களையும் செயலியில் எங்குமே காட்டாமல் விட்டிருப்பது மன்னிக்க முடியாத குறை. படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் படத்தைக் கண்ணில் காட்ட வேண்டாமா?

பிரஷ்ய நீலத்தைப் பற்றிய பாடம் வேதியியலை நன்றாகக் கையாள்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் சிவப்புச் சாயம் தயாரிக்கும் முயற்சியில் தற்செயலாகக் கிடைத்த அந்த நிறமி, ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அலை ஓவியத்துக்குச் சென்று, 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த நீலப்படிவ முறை என்னும் ஒளிப்பட அச்சு முறையில் புகுந்து, மறு ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதிவுசெய்யப் பயன்பட்டு, இன்று தாலியம் நச்சுக்கு மருந்தாகவும் கொடுக்கப்படுவது வரை ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்கிறது. ஓசோன் பற்றிய பாடம் சுருக்கமானது, குறை சொல்ல ஏதுமில்லை: குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் விடுத்த எச்சரிக்கை, அவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமாக 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கையாக மாறிய கதையில் நிறுவனங்களின் எதிர்ப்பையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

குவாண்டம் இயற்பியலையும் ஆன்மிகத்தையும் இணைக்க முயலும் பாடத்தை மட்டும் தாராளமாகத் தவிர்த்துவிடலாம். மற்ற பாடங்களில் ஒரு கருவியோ பொருளோ ஆவணமோ இரு துறைகளுக்கிடையே கை மாறியதைக் காட்டுபவர்கள், இங்கே இரண்டு சொற்கள் ஒத்து ஒலிப்பதையே உறவாகக் கொள்கிறார்கள். (இந்தப் பாடத்துக்குத்தான் பின்னணி இசையும் மிக அதிகம்.)

பயன்பாட்டைப் பொறுத்தவரை, பாடங்களைத் தரவிறக்கி இணையமின்றிக் கேட்கலாம். எழுத்து வடிவமும் உண்டு. ஆனால் எழுத்து வடிவத்தில் தேடும் வசதி இல்லாததால், ஒரு பெயரையோ ஆண்டையோ சரிபார்க்க முழுப் பாடத்தையும் உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. புதிய பாடங்கள் அரிதாகவே சேர்க்கப்படுவதால், ஆண்டுச் சந்தாவைத் தவிர்த்து மாதச் சந்தாவை எடுத்து, இசை, நிலவு, நீலம் ஆகிய மூன்று பாடங்களிலிருந்து தொடங்குவதே நல்லது.