ரோக்ஃபோர் சீஸ் குகைகள்: ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்

தெற்கு பிரான்ஸின் அவேரோன் பகுதியில், கொம்பாலு மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி ஊர் ரோக்ஃபோர்-சுர்-சூல்ஸோன். விஷயமெல்லாம் ஊருக்கு அடியில்தான். மலை சரிந்து உண்டான பாறை இடுக்குகள் வழியாக ஈரக்காற்று வருவதால், கொளுத்தும் கோடையிலும் குகைக்குள் 10 டிகிரி வாக்கில்தான் இருக்கும். படிகளும் நிறைய, முட்டிவலிக்காரர்கள் யோசித்துப் போகவும்.

லகோன் என்ற இனச் செம்மறியின் காய்ச்சாத பாலில் செய்து, ஊசியால் துளையிட்ட சீஸ் இங்கே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும். துளை வழியே காற்று போனால்தான் நீலப் பூஞ்சை உள்ளே பரவும். 1925 முதல் ‘ரோக்ஃபோர்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

ருசி? உப்பு தூக்கல்தான். நீலம் நடுவரை ஓடிய துண்டாகப் பார்த்து வாங்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி கழித்துச் சாப்பிடுங்கள்; சில்லென்று தின்றால் வாசனை எழும்பாது, உப்பு மட்டுமே நாக்கில் நிற்கும்.