பேர்ள் ஸ்கிரிப்டில் ஹெடர் வாசிப்பு: ஏழு பெரும்போக அனுபவம்

உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் எங்கள் வட்டை விதானையாருக்கும் (வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிப்பவர்) கமக்கார அமைப்பினருக்கும் அதிகாலை ஐந்து மணிக்கு மழை முன்னறிவிப்பை எடுத்தனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை, பேர்ள் என்ற நிரல்மொழியில் எழுதி, மட்டக்களப்பிலுள்ள என் வீட்டுக் கணினியில் ஏழு பெரும்போகங்களாக (மழைக்கால நெற்போகம்) ஓடவிட்டு வருகிறேன். முதல் மூன்று போகங்களில் எச்.ரி.ரி.பி. ஹெடர்களை, அதாவது இணைய நெறிமுறைப்படி சேர்வரின் பதிலுக்கு முன்னால் வரும் விவர வரிகளை, நானே எழுதிய சில வரிகளால் பிரித்தேன், பின்னர் எச்.ரி.ரி.பி. டைனி (HTTP::Tiny) என்ற ஆயத்த நிரல் மொடியூலுக்கு மாறினேன்.

மாறவைத்தது ஒரு கார்த்திகை மாத அடைமழைக் காலை. முன்னறிவிப்புக் கோப்பு வந்திருந்தும் செய்தி போகவில்லை. கோப்பின் வகையைச் சொல்லும் உள்ளடக்க வகை ஹெடரின் மதிப்பைச் சதுர அடைப்புக்குள் அச்சிட்டுப் பார்த்தபோது, முடிவில் நிற்க வேண்டிய அடைப்புக்குறி வரியின் தொடக்கத்துக்கு வந்து முதற்குறியை மறைத்துக்கொண்டு நின்றது. தரவு வழங்கும் சேர்வர் அதுவரை ஒவ்வொரு ஹெடர் வரியையும் எல்.எஃப். (அடுத்த வரிக்கு இறக்கும்) குறியால் மட்டும் முடித்திருக்கிறது. சேர்வரில் அது மாற்றப்பட்ட பிறகு, நெறிமுறை கேட்கிறபடி சி.ஆர். (வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும் குறி), எல்.எஃப். இரண்டையும் அனுப்பியது. வரி முடிவுக் குறியை வெட்ட நான் பயன்படுத்திய பேர்ளின் சோம்ப் (chomp) கட்டளை எல்.எஃப். ஐ மட்டுமே நீக்கும் என்பதால் சி.ஆர். மதிப்போடு ஒட்டிக்கொண்டது, ஒப்பீடு பொய்த்தது. ஹெடர் முடிவைக் காட்டும் வெற்று வரியும் என் நிரலுக்கு வெறுமையாகத் தெரியாததால், முன்னறிவிப்பு முழுவதையும் ஹெடர் என்றே அது விழுங்கியிருந்தது. சேர்வர் செய்ததே சரி, பிழை என்னுடையது. முக்காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வரியை வெட்டியதால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் லொக்கேஷன் ஹெடரில் முகவரிக்குப் பதிலாக எச்.ரி.ரி.பி.எஸ். என்ற சொல் மட்டும் எஞ்சியதையும் அன்றுதான் கண்டேன்.

டைனி, பேர்ள் 5.14 தொடக்கம் பேர்ளுடனேயே வருகிறது. பாதுகாப்பான இணைப்புக்கு மட்டும் ஐ.ஓ. சொக்கெற் எஸ்.எஸ்.எல். மொடியூலைத் தனியாக நிறுவ வேண்டும். ஹெடர் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது என்ற விதியை மதித்து எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கித் தருவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரே ஹெடர் இருமுறை வந்தால் மதிப்புக்குப் பதில் பட்டியலின் சுட்டி கிடைக்கும். குக்கிகளை (தளம் நம்மிடம் வைக்கச் சொல்லும் சிறு தகவல்) அனுப்பும் செற்-குக்கி ஹெடரில் இதைக் கவனிக்காவிட்டால் நினைவக முகவரிதான் அச்சாகும். காற்புள்ளியிட்டு இணைப்பதும் உதவாது, குக்கியின் காலாவதித் தேதியிலேயே காற்புள்ளி உண்டு.

கோரிக்கையின் முடிவைக் காட்டும் நிலைக்குறியீடு 599 என வந்தால் அது சேர்வர் சொன்னதல்ல, மொடியூலே இடுவது. இணைப்பு அறுந்தாலும் ஹெடர் வரி சிதைந்திருந்தாலும் காரணம் உள்ளடக்கப் பகுதியில் இருக்கும். அதைப் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் கேட்கும்படி வைத்திருக்கிறேன்.