மூக்கைக் கவனித்த பிறகே நெஞ்சு அடங்கியது: ஹைவெல்ட் புல் பருவத்தில் நீண்ட நாள் அனுபவம்

ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில் குடியிருக்கிறேன். மகரந்த ஒவ்வாமை, சைனஸ், மிதமான ஆஸ்துமா மூன்றும் எனக்கு உண்டு. கொவிட் முடக்கத்துக்கு முந்தைய வசந்தத்திலிருந்து மூன்று பொருட்களை விடாமல் பயன்படுத்தி வருகிறேன்: உப்புநீரால் மூக்கைக் கழுவும் புட்டி, ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான், மூச்சை ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். ஆஸ்துமாவுக்காக அன்றாடம் உறிஞ்சும் தடுப்பு பம்ப் அதற்கு முன்பே இருந்தது. அதை ஒழுங்காக எடுத்தும் நிற்காத இரவு இருமல், மூக்குக்கு மருந்து தொடங்கிய பிறகுதான் நின்றது. "சைனஸ்தானே, அது யாருக்கு இல்லை?" என்று நம் வீடுகளில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சு அங்கே முடியக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பருவத்தைச் சொல்ல வேண்டும். இங்கே ஆடி என்பது குளிர்காலத்தின் கடைசி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே அந்தக் காற்றில் பறப்பது நகரத்தின் தென்புறத்திலுள்ள தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளின் தூசி. சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், ஹைவெல்ட் எனப்படும் உள்நாட்டு மேட்டுநிலத்தில் இருக்கும் ஊர் என்பதால் குளிர்காலக் காற்றில் ஈரம் இல்லை. குளிருக்காக எரிக்கும் நிலக்கரி, பாரஃபின் (மண்ணெண்ணெய்) புகையும் சேர்ந்துகொள்ளும். ஆவணியில் தெருவோரப் பிளேன் மரங்களும் சைப்ரஸ் மரங்களும் மகரந்தத்தைக் கொட்டத் தொடங்கும். புரட்டாசி விரதத்துக்காக நம்மவர்கள் இறைச்சியை நிறுத்தும் மாதம் எங்கள் வசந்தம். ஐப்பசியில் முதல் மழை இடியோடு வந்ததும் புல் பூக்க ஆரம்பித்து, தைப்பூசக் காவடியையும் தாண்டிப் பங்குனி வரை ஓயாது. வேறு பல நாடுகளில் சில வாரங்களில் கடந்துபோகும் புல் பருவம் இங்கே அரை ஆண்டுக்கு நீள்கிறது. இங்கே மகரந்த ஒவ்வாமையைப் பருவகாலத் தொல்லை என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

எந்தப் புல் என்று பரிசோதித்தபோது வந்த விடை என்னைக் கொஞ்ச நேரம் பேசவிடவில்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் மிகப் பெரிதாகத் தடித்தது பெர்முடா புல்லுக்கு. அது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகம்புல். தென்னாப்பிரிக்காவில் ஒவ்வாமை தரும் புற்களில் அது முக்கியமானது. பிள்ளையாருக்குச் சாத்தும் பச்சைத் தளிரில் மகரந்தம் இல்லை. வெட்டாமல் விட்டுக் கதிர் வந்த புல்லில்தான் இருக்கிறது. எனவே அறுகு சாத்துவதை நான் விடவில்லை. புல்தரையைக் கதிர் வருமுன் வெட்டிவிட வேண்டும், வெட்டும் நேரத்தில் நான் வெளியே நிற்கக் கூடாது, அவ்வளவுதான். பிரிட்டோரியாவின் ஜக்கரண்டா மரங்கள் மீது எல்லாரும் பழி போடுகிறார்கள். ஊதாப் பூ தெருவை மூடும்போதுதான் தும்மல் வருகிறது என்பது உண்மை. ஆனால் ஜக்கரண்டாவின் மகரந்தத்தைத் தேனீக்களும் பூச்சிகளும் சுமக்கின்றன, காற்று சுமப்பதில்லை. அதே வாரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் பூக்கும் புல்தான் நிஜக் காரணம்.

டர்பனில் வளர்ந்த காலத்தில் எனக்கு ஆண்டு முழுவதும் மூக்கு ஒழுகும், ஆனால் நெஞ்சு இழுத்ததில்லை. கடலோர ஈரத்தில் பெருகும் தூசிப் பூச்சியும் பூஞ்சையும் அங்கே பெரிய தொல்லை. உள்நாட்டுக்கு வந்து சில பருவங்கள் கழிந்த பிறகே இழுப்பு வந்தது. மூக்கில் ஒவ்வாமை முதலில், ஆஸ்துமா பிறகு என்ற இந்த வரிசை எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஆஸ்துமா உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் இருக்கிறது. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பின்னாளில் ஆஸ்துமா வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து 1999இல் தொடங்கிய ஏரியா என்ற மருத்துவக் குழுவின் அடிப்படைக் கருத்தே இதுதான்: மூக்கும் நுரையீரலும் ஒரே வீட்டின் முன்கட்டும் பின்கட்டும் போல, ஒன்றில் தீப்பிடித்தால் மற்றொன்றையும் பார்க்க வேண்டும்.

தீ எப்படிப் பரவுகிறது என்பது எனக்கு விளங்கிய பிறகுதான் மருந்தில் பிடிப்பு வந்தது. முழுப் புல் மகரந்தம் 20 முதல் 40 மைக்ரோமீட்டர் வரை பருமன் கொண்டது. அது பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும், நுரையீரலின் ஆழத்துக்குப் போகாது. அப்படியானால் நெஞ்சு ஏன் இழுக்கிறது? மூக்கில் நடக்கும் ஒவ்வாமைச் சண்டை மூக்கோடு நிற்பதில்லை. ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் இரத்தத்தில் கூடி மூச்சுக்குழாயின் சவ்வுக்கும் போய்ச் சேர்கின்றன. ஒவ்வாமை உள்ளவர்களின் மூக்கில் மட்டும் மகரந்தச் சாற்றைத் தெளித்து, பின்னர் மூச்சுக்குழாய்ச் சவ்வைக் கிள்ளி எடுத்துப் பார்த்த ஆய்வில், ஆஸ்துமாவே இல்லாதவர்களிடமும் கீழே அழற்சி கூடியிருந்தது. அடுத்தது, மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுகிறோம். காற்றை வடிகட்டி, சூடாக்கி, ஈரப்படுத்தி அனுப்பும் வேலை நடக்காமல் போகிறது. ஹைவெல்ட்டின் வறண்ட குளிர்காற்று நேராக நெஞ்சில் இறங்கினால் உணர்ச்சி மிகுந்த மூச்சுக்குழாய் சுருங்குவதில் வியப்பில்லை. சைனஸ் அறைகளின் வாய் வீங்கி அடைபட்டால் சளி தேங்கித் தொண்டையின் பின்பக்கமாக வடிகிறது. படுத்தவுடன் வரும் இருமலில் அதற்கும் பங்கு உண்டு.

இனி பொருட்களைப் பற்றி. உப்புநீர்ப் புட்டி மலிவானது, எளிமையானது, ஆனால் தண்ணீரில் கவனம் வேண்டும். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவில், கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்துகிறேன். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் நெக்லேரியா என்ற அமீபா மூளைக்குள் போய் இறந்தார்கள். அரிதினும் அரிது என்றாலும், ஒரு கெண்டி நீர் கொதிக்க வைக்க முடியாத அளவுக்கு யாருக்கு அவசரம்? 2023இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துக் கொதிக்க வைத்து, மூடி வைத்துக்கொள்வோம். கழுவியதும் மூக்கிலிருந்து தூசியும் மகரந்தமும் கெட்டிச் சளியும் வெளியேறுவது கண்ணால் தெரியும். அழற்சியை இது ஆற்றாது, ஆனால் அடுத்து அடிக்கும் மருந்துக்கு வழி திறந்து கொடுக்கிறது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் கழுவுவது என் வழக்கம். புட்டியை உலர வைக்காவிட்டால் உள்ளே வழவழப்பு படியும், அதனால் அவ்வப்போது மாற்றிவிடுகிறேன்.

ஃப்ளூட்டிகசோன் தெளிப்பானைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அடித்தவுடன் ரோஜா போன்ற ஒரு வாசனை வரும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பழகிவிட்டது. இது உடனே வேலை செய்யும் மருந்து அல்ல. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். இதனால்தான் பலர் மூன்று நாள் அடித்துவிட்டு "சரிப்படவில்லை" என்று மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். எங்கள் கிளினிக் செவிலியர் சொல்லிக்கொடுத்த முறை இது: புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும், தலையை அண்ணாக்காமல் சற்றே முன்னால் குனிய வேண்டும், வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுச்சுவரை நோக்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அடித்த பிறகு வேகமாக உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுச்சுவரில் தொடர்ந்து பட்டால் புண்ணாகி இரத்தம் கசியும். எனக்குக் குளிர்கால வறட்சியில் இலேசாகக் கசிந்ததுண்டு. அந்த நாட்களில் உப்புநீரைக் கூட்டி, மருத்துவரிடம் கேட்டுத் தெளிப்பைக் குறைத்துக்கொண்டேன்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் என் தாயார் பயந்தார். அவருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மூக்கில் அடிக்கும் ஃப்ளூட்டிகசோனில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. நெஞ்சு இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரையாகக் கொடுக்கும் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. அந்த மாத்திரையின் தேவையைக் குறைக்கத்தான் இது. ஆவணி பிறந்ததும், தும்மல் வருவதற்கு முன்பே, தொடங்கிவிடுகிறேன். பருவத்துக்கு முன் தொடங்கிய ஆண்டுகள் எப்போதும் நல்ல ஆண்டுகளாகவே அமைந்தன.

மருந்துக்கடையில் உடனடி நிவாரணம் தரும் வேறொரு வகைத் தெளிப்பான் இருக்கிறது: ஆக்சிமெட்டசோலின் போன்றவை. சில நிமிடத்தில் மூக்கு திறக்கும், மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். கோயில் சமையற்கட்டில் சந்திக்கும் ஒரு மாமா சட்டைப்பையில் இதைத்தான் எப்போதும் வைத்திருக்கிறார். "மாமா, இதை விட்டுவிட்டு மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

செட்டிரிசின் மாத்திரை தும்மலுக்கும் அரிப்புக்கும் நல்லது. அடைப்புக்கு அவ்வளவு உதவாது, இழுப்புக்கு மருந்தே அல்ல. துளசி போட்டு ஆவி பிடிப்பது சளியை இளக்கும், இதமாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கொதிநீர் கொட்டிவிடும் அபாயம் இருப்பதால் எங்கள் வீட்டில் பெரியவர்களோடு நிறுத்திக்கொண்டோம். சாம்பிராணிப் புகை ஒவ்வாமை இல்லாவிட்டாலும் மூச்சுக்குழாயை உறுத்தும். பூசை நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம்.

பீக் ஃப்ளோ மீட்டர் ஒரு பிளாஸ்டிக் குழாய், ஊதினால் முள் நகரும். ஆனால் என் கருத்தில் இந்த வரிசையிலேயே அதிகம் மதிக்க வேண்டிய பொருள் இதுதான். என் நல்ல நாள் அளவு நிமிடத்துக்கு 430 லிட்டர். அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. காலையில் மூன்று முறை ஊதி உயர்ந்த எண்ணை நோட்டில் எழுதுகிறேன், பக்கத்தில் மூக்கின் நிலையும் ஒரு சொல். அந்த நோட்டைப் புரட்டினால் மூக்கு அடைத்ததாக எழுதிய நாட்களுக்குப் பின்னால்தான் எண் இறங்குகிறது. நெஞ்சில் இழுப்பை நான் உணர்வதற்கு முன்பே முள் சொல்லிவிடுகிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் நுரையீரல் நிறுவனம் சார்ந்த ரியல் போலன் கவுண்ட் குழு வாரந்தோறும் மகரந்த அளவை வெளியிடுகிறது. அதையும் பார்த்து வைத்தால் அடுத்த சில நாட்களுக்கு மனம் ஆயத்தமாகிவிடும்.

இழுப்பு வரும்போது உடனடி நிவாரணத்துக்கு அடிக்கும் நீல பம்ப் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குழாயை விரிக்கும், அழற்சியைத் தொடாது. 2019 முதல் ஜீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி, பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நீல பம்ப் மட்டும் போதும் என்று சொல்வதை நிறுத்திவிட்டது. பம்பை நேராக வாயில் அடிக்காமல், பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் என்ற குடுவை வழியாக எடுத்தால் மருந்து நெஞ்சுக்குச் சரியாகச் சேரும். ஸ்பேசர் வாங்கக் காசில்லையே என்று எவரும் விட வேண்டியதில்லை. கேப் டவுன் குழந்தை மருத்துவர் ஹெதர் சாரின் குழு 500 மில்லிலிட்டர் குளிர்பானப் புட்டியில் ஓட்டை போட்டுச் செய்த ஸ்பேசர் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்வதை 1999இலேயே காட்டியிருக்கிறது. உலகத்துக்கே பயன்பட்ட அந்த வேலை நம் நாட்டில் நடந்தது.

இடிமழைதான் எனக்கு அதிகம் அச்சம் தருவது. ஈரத்தில் மகரந்தம் ஊறி வெடித்தால் அதனுள்ளிருக்கும் 3 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் சிதறும். அவை மூக்கைத் தாண்டி நுரையீரலின் ஆழம் வரை போகும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இப்படி ஒரு மாலைப் புயலுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மூக்கு ஒவ்வாமை மட்டும் இருந்து, ஆஸ்துமா என்று ஒருநாளும் சொல்லப்படாதவர்கள் பலர். இந்திய, ஆசிய வம்சாவளியினரும் அதிக விகிதத்தில் இருந்தார்கள். ஹைவெல்ட்டில் கோடை மாலையில் இடி வழக்கமானது. மேகம் கறுத்துக் காற்று எழும்பினால் ஜன்னலை மூடிவிட்டு உள்ளேயே இருக்கிறேன், பம்ப் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சைனஸ் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. காசநோய் அதிகம் உள்ள நாட்டில் இருக்கிறோம்; சளிப் பரிசோதனை செய்துவிட்டே மற்றதைப் பேச வேண்டும். எடை குறைதல், இரவு வியர்வை, சளியில் இரத்தம் இருந்தால் அன்றே போக வேண்டும். மூக்கில் பாலிப் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எடுத்தால் கடும் இழுப்பு வரும். தலைவலிக்கு மாத்திரை வாங்கும்முன் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து நான் யோசிப்பது புல் மகரந்தத்துக்கு உடலைச் சிறுகச் சிறுகப் பழக்கும் நோயெதிர்ப்புப் பயிற்சிச் சிகிச்சை. குறைந்தது மூன்று ஆண்டு எடுக்க வேண்டும், பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தர மாட்டார்கள். இந்தப் பருவம் முழுவதும் என் எண்கள் பச்சையில் நின்றால் வைகாசியில் தொடங்கலாம் என்று ஒவ்வாமை மருத்துவர் சொல்லியிருக்கிறார். செலவில் எவ்வளவை மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு ஏற்கும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.